ஏழு ஊர் வேண்டாம், இரண்டு போதும்



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு லைக் போடப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் கேள்வியை முழுதாகப் படிக்காமல் பதில் எழுதியவர்கள்தானே நீங்கள்!

விஷயம் இதுதான். 1994-ஆம் வருடம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் (பிள்ளைகள் என்கிறேன், எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது) வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வருகிற ஜனவரியில் ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றுலா போகலாம், டீச்சரும் கட்டாயம் வரவேண்டும், வயதான அப்பா அம்மாக்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. மொத்தம் 23 பேர், ஒரு வேன். போன வாரம் குழுவில் பட்டியல் வந்தது. முட்டுக்காடு படகுத்துறை, தட்சிணசித்ரா, கோவளம், திருவிடந்தை பெருமாள் கோயில், முதலைப் பண்ணை, மாமல்லபுரம், அப்படியே கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. ஏழு இடம், ஒரே நாள். கீழே வரிசையாகக் கட்டைவிரல் சின்னங்கள். "டீச்சர், எப்படி இருக்கு பிளான்?" என்று என்னிடம் கேட்டிருந்தார்கள்.

நான் உடனே பதில் போடவில்லை. நான்கு நாள் யோசித்தேன். குழுவில் இரண்டு வரியில் சொன்னால் டீச்சருக்கு உடம்பு முடியவில்லை போல என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஏழு மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மூன்று இடத்தில் ஆட்களை ஏற்றி, சதுரங்கப்பட்டினம் வரை போய்த் திரும்ப ஓட்டம் மட்டும் நான்கு மணி நேரம் ஆகும். காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, நடுவில் ஒரு டீ, இதற்கு இரண்டு மணி நேரம். மீதி ஆறு. 23 பேர் வேனிலிருந்து இறங்கி, செருப்பு மாட்டி, எண்ணிப் பார்த்து, மறுபடி ஏறி உட்கார ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம் போகும். ஏழு இருபது 140. அதையும் கழித்தால் மிச்சம் 220 நிமிடம். ஏழால் வகுங்கள். ஓர் இடத்துக்கு 31 நிமிடம். அதில்தான் டிக்கெட் வரிசை, கழிப்பறை, செல்ஃபி எல்லாம். மாமல்லபுரத்துக்கு 31 நிமிடம்! பல்லவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கொத்தினார்கள். நாம் அரை மணியில் பார்த்துவிட்டு வந்துவிடுவோமாம்.

"பார்த்தோம்னு இருக்கட்டுமே டீச்சர்" என்பீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். இப்படி ஒரு பட்டியலை நானே ஒரு தடவை போட்டேன். அதை இதுவரை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை.

2019 மே மாதம். ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகள் பிள்ளைகளோடு இரண்டு வார லீவில் வந்திருந்தாள். தி.நகரில் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். ஒரு நாள் எங்கேயாவது போகலாம் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனவள் ஆயிற்றே. நான் ஒரு முழு வெள்ளைத்தாளில் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். நேரம், இடம், தூரம் என்று மூன்று பத்தி. ஏழு இடம். அதே ஏழு இடம்தான். அதனால்தான் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது.

அக்காவுக்கு அப்போது 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. அட்டவணையைப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எங்க வேணா போங்கடி. எனக்குக் கோவளத்துல கொஞ்ச நேரம் தண்ணியில காலை நனைச்சுட்டு உக்காரணும்." நான் பெருமையாக, "அதுவும் இருக்கு அக்கா, கடைசியா, திரும்பி வரும்போது சாயங்காலம் ஆறு மணிக்கு" என்றேன்.

அன்றைக்கு வெயில் எப்படி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இடத்திலேயே ஒரு மணி நேரம் தாமதம். இரண்டாவது இடத்தில் அக்கா இறங்கி நாலு எட்டு நடந்தாள். மூன்றாவதில், "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் அதே வார்த்தை. நாங்கள் அட்டவணையைத் துரத்திக்கொண்டு ஓடினோம். கோவளம் வந்து சேர்ந்தபோது மணி ஏழே கால். இருட்டிவிட்டது. மணலில் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகலாமா என்று பேசினோம். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், டிரைவர் மணி பார்க்கிறார். அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். "அலைச் சத்தம் கேக்குதே, போதும். கிளம்பு" என்றாள்.

2021-இல் அக்கா தவறிவிட்டாள்.

அந்த வெள்ளைத்தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஏழு இடத்துக்கும் நேராக நான் சரி குறி போட்டிருக்கிறேன். கோவளத்துக்கும் சேர்த்து.

இது அழவைக்கிற பதிவு இல்லை, பயப்படாதீர்கள். தப்பு எங்கே என்று ஒரு வாத்தியார் மாதிரி யோசித்துப் பார்த்ததைத்தான் சொல்கிறேன். தப்பு வெயிலிலும் இல்லை, முழங்காலிலும் இல்லை, அட்டவணையில்தான். கூட வருகிறவர்களில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் எழுதி, மற்றதை அதைச் சுற்றி வைத்திருக்க வேண்டும். நான் ஊர்களை முதலில் எழுதினேன். மனிதர்களை அதில் திணித்தேன்.

இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை. அதே அக்கா மகள் போன வருடம் இத்தாலி போய்வந்தாள். அங்கே வடமேற்குக் கடலோரத்தில் சிங்க்வே தெர்ரே என்று ஐந்து சின்ன ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பெயருக்கே ஐந்து நிலம் என்றுதான் பொருள். மோன்டெரோசோ, வெர்னாட்சா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே. மலைச்சரிவில் கல்சுவர் கட்டிப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், அதன் காலடியில் வண்ண வண்ண வீடுகள், கீழே கடல். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊருக்கு ஊர் ரயிலில் சில நிமிடங்கள்தான். ஆபத்தே அதுதான். பக்கம்தானே என்று எல்லோரும் ஒரே நாளில் ஐந்தையும் முடிக்கப் பார்க்கிறார்கள். அவளும் முடித்தாள். எனக்குப் போட்டோ அனுப்பினாள். ஒரு படத்தில் சின்னதாக ஒரு தேவாலயம், பக்கத்தில் கயிற்றில் துணி காய்கிறது. "இது எந்த ஊர்டா?" என்று கேட்டேன். "தெரியல சித்தி. எல்லா ஊரும் கலர் கலராத்தான் இருந்துச்சு" என்றாள். கோர்னிலியா மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம். ஏனென்றால் அந்த ஊர் மற்ற நான்கைப்போலக் கடலை ஒட்டி இல்லாமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும். மூச்சு வாங்கிப் படியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்த ஊர்தான் நினைவில் நின்றிருக்கிறது!

2011 அக்டோபரில் பெய்த பேய்மழையில் மோன்டெரோசோவும் வெர்னாட்சாவும் சேற்றில் புதைந்தன. ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்துத் திரும்ப வாழ வந்தார்கள். அந்தத் தெருவில்தான் அவள் இருபது நிமிடம் நின்றுவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடியிருக்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அட்டவணை போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

இப்போது என் வகுப்பறை அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் வருடா வருடம் ஐந்தாம் வகுப்பை மாமல்லபுரம் அழைத்துப் போவோம். புளியோதரைப் பொட்டலம், தயிர்சாதப் பொட்டலம், தண்ணீர்க் குடம், முதலுதவிப் பெட்டி, நூறு தடவை தலை எண்ணிக்கை. மறுநாள் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை. நாற்பது நோட்டைத் திருத்துவேன். முப்பத்தொன்பது நோட்டில் ஒரே கட்டுரை. முதலில் இதைப் பார்த்தோம், பிறகு அதைப் பார்த்தோம், பிறகு உணவு உண்டோம், இனிதே வீடு திரும்பினோம். நானும் பத்துக்கு ஏழு போட்டுத் தள்ளுவேன்.

ஒரு வருடம் ஒரே ஒரு நோட்டு வேறு மாதிரி இருந்தது. நொச்சிக்குப்பத்துப் பையன் ஒருவனுடையது. அன்றைக்குக் கடற்கரைக் கோயில் பக்கம் பிள்ளைகள் அலையில் கால் நனைக்கட்டும் என்று நான் அனுமதி கொடுக்கப் போனேன். அந்தப் பையன் ஓடிவந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "டீச்சர், வேணாம். தண்ணி அந்தப் பக்கமா இழுக்குது பாருங்க. இங்க இறக்காதீங்க" என்றான். நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே தண்ணீர்தான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்தேன். அரை மணி நேரம் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவன் கட்டுரையில் கோயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த அரை மணி நேரம் மட்டும்தான். நுரை எந்தப் பக்கம் ஓடியது, குச்சி ஒன்றைப் போட்டபோது எங்கே போயிற்று, அவன் அப்பா அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒன்றரைப் பக்கம். எழுத்துப்பிழை நிறைய. நான் பத்துக்கு ஆறு போட்டேன். தலைப்பை விட்டு விலகிவிட்டாய் என்று சிவப்பு மையில் எழுதினேன். இன்றைக்கு அந்த நோட்டு கிடைத்தால் பத்துக்குப் பத்து போட்டு மன்னிப்பும் எழுதுவேன். தம்பி, நீ இதைப் படித்தால் கீழே வந்து ஒரு வார்த்தை சொல்லு.

அக்கா போன பிறகு, ஒரு ஜனவரி மாதத்தில் நான் தனியாகக் கோவளம் போனேன். தி.நகரிலிருந்து மாமல்லபுரம் போகும் 599-இல் ஏறி, கோவளம் நிறுத்தத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கரைக்குப் போய்விட்டேன். கையில் அட்டவணை இல்லை. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்ததால் படகுகள் வந்துகொண்டிருந்தன. கூடையைச் சுற்றிப் பெண்கள் நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. நிற்க முடியாமல் தடுமாறியதைப் பார்த்து ஒரு மீன்கார அம்மா பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மயிலாப்பூர் என்றேன். "எங்க சித்தி வூடு நொச்சிக்குப்பம்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குப்பத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனையோ வருடம் குடியிருந்தேன், அங்கேயிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கடலோர ஊர் பார்க்க வேன் வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போயிருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தேன். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று. அக்காவுக்காகவும் சேர்த்து உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் கட்சி இது. ஒரு நாளுக்கு இரண்டு ஊர். அதற்கு மேல் வேண்டாம். அந்த இரண்டில் ஒன்றிலாவது குறைந்தது இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வேண்டும்.

எதிர்ப்பு வரும், தெரியும். "டீச்சர், எங்களுக்கு லீவு கிடைக்கிறதே ஒரு நாள். மறுபடி எப்போ வருவோம்?" நியாயமான கேள்வி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும், வாழ்க்கையில் ஒரே தடவை இத்தாலி போகிறவர்களுக்கும் அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். அவர்களிடம் நான் சொல்வது, ஐந்தில் இரண்டைப் பார், மூன்றை ஆசையாக வைத்துக்கொள் என்பதுதான். நமக்கோ அந்தச் சாக்கே கிடையாது. கோவளம் ஒரு மணி நேரத் தூரம். மாநகரப் பேருந்து போகிறது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டே இல்லை. மார்ச்சில் இன்னொரு இரண்டு, அடுத்த டிசம்பரில் இன்னொரு இரண்டு என்று போனால் யார் தடுக்கிறார்கள்? ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்று சொல்வதே, இனி நாம் சேர்ந்து வரப்போவதில்லை என்று முன்னாடியே ஒப்புக்கொள்வது மாதிரி எனக்குப் படுகிறது.

பள்ளிச் சுற்றுலாவுக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் பாதி ஒப்புக்கொள்கிறேன். பணம் கட்டிய பெற்றோர் என்னென்ன காட்டினீர்கள் என்று கேட்பார்கள், சில பிள்ளைகளுக்கு அதுவே முதல் பயணமாக இருக்கும். அதனால்தான் நாங்களும் பட்டியலை நீட்டினோம். ஆனாலும் பிள்ளைகளின் நோட்டு என்ன சொன்னது என்று மேலே எழுதிவிட்டேன்.

இன்னொரு விஷயம். இத்தாலி ஊர்கள் மேற்குப் பார்த்த கடல். அங்கே சாயங்காலச் சூரியனுக்காகக் காத்திருக்கிறார்கள். நம் சோழமண்டலக் கரை கிழக்குப் பார்த்தது. நம்முடையது காலைக் கடல். சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பும். வெயில் ஏறுவதற்குள் மீன் வந்து, ஏலம் முடிந்து, ஊர் ஓய்ந்துவிடும். பத்து மணிக்கு மேல் நாம் போய்ப் பார்ப்பது ஓய்வெடுக்கிற ஊர். அதனால் ஏழு மணிக்குக் கிளம்பும் திட்டமே நம் கரைக்குச் சரிவராது. ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கும். மந்தைவெளியிலிருந்து ஐந்து மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். மாலை நான்கு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சாயங்காலம் அந்தச் சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வதன் அருமை தெரியும்.

என் திட்டம் இதோ. கட்டைவிரல் போடுவதற்கு முன் முழுதாகப் படிக்கவும்.

ஒன்று, கோவளம். ஆறு மணிக்குப் போய் எட்டரை வரை. அங்கே தர்காவும் இருக்கிறது, கார்மேல் மாதா தேவாலயமும் இருக்கிறது. ஆற்காடு நவாப் காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது, 1752-இல் கிளைவ் அதைப் பிடித்தார். 2021-இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. இதெல்லாம் தகவலுக்கு. அன்றைக்கு வேலை, உட்காருவது மட்டும்தான். நடக்க முடியாதவர்களுக்கு மடக்கு நாற்காலி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் வண்டியில் விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கக் கூடாது. இது என் கட்டளை.

இரண்டு, மாமல்லபுரம். சிற்றுண்டி முடித்து ஒன்பதரைக்குப் போனால் பன்னிரண்டரை வரை. அதிலும் எல்லாம் வேண்டாம். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், இதில் உங்களுக்குப் பிடித்த இரண்டு. ஐந்து ரதத்துக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றை யாரும் முழுதாகச் செதுக்கி முடிக்கவில்லை. பாதியில் நின்ற வேலை. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த ஊர் சேர்ந்தபோதும், ஏன் முடிக்கவில்லை என்று யாரும் நோட்டில் சிவப்பு மை போடவில்லை. நாமும் சிலதை விட்டுவிட்டு வரலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

மற்ற ஐந்தும் எங்கும் ஓடிவிடாது. சரித்திரம் பிடித்தவர்கள் இன்னொரு நாள் சதுரங்கப்பட்டினம் வாருங்கள். பெயரிலேயே சதுரங்கம் இருக்கிற ஊர். டச்சுக்காரர்களின் கோட்டை, உள்ளே எழுத்தும் சித்திரமும் வெட்டிய கல்லறைகள். அதற்கு எதிரே கடலில் 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிலீஷ் கப்பல்களும் மோதின. அதையும் சாளுவன்குப்பத்தையும் சேர்த்து ஒரு நாள். சாளுவன்குப்பத்தில் புலிக்குகை மட்டும்தான் என்று நாம் படித்தோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே மண்ணைத் தோண்டி ஒரு பழைய முருகன் கோயிலையே வெளியே எடுத்தார்கள். பாடப்புத்தகத்துக்குப் பிறகு வந்த பாடம் அது. திருவிடந்தைக்கு, வீட்டில் கல்யாண வயதுப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் தனியாகப் போய் நிதானமாகச் சேவியுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள் நான்கு. முதலாவது, கழிப்பறை. பெண்களும் பெரியவர்களும் வருகிற பயணத்தில் முதலில் எழுத வேண்டியது அதுதான். எந்த ஓட்டலில் சுத்தமாக இருக்கிறதோ அங்கேதான் சிற்றுண்டி. தண்ணீர் குடித்தால் போகவேண்டி வருமே என்று பயந்து நாள் முழுதும் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அவரவர் கைப்பையில் வையுங்கள், வேனில் வைக்கும் பெட்டியில் வேண்டாம். மூன்றாவது, அலையில் கணுக்கால் வரை மட்டும். நீச்சல் தெரியும் என்று பேசுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்பது வயசுப் பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நாற்பது வயசுக்காரர்கள் கேளுங்கள். நான்காவது, அது சிலர் வசிக்கிற ஊர். கருவாடு காய்கிற இடத்தில் மூக்கைப் பிடிக்காதீர்கள். வலை பின்னுகிறவரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். மயிலாப்பூர் மாடவீதியில் யாராவது நம் வாசலில் வந்து நின்று நாம் கோலம் போடுவதைக் கேட்காமல் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காணும் பொங்கல் அன்று வேண்டவே வேண்டாம். அன்றைக்கு மணல் தெரியாது, தலைதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ரா விடுமுறை, ஆனால் என் திட்டத்தில் அது இல்லாததால் கவலை இல்லை.

முடிக்கும் முன் ஒன்று. மாசி மகத்தை ஒட்டி இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள். பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, மணலிலேயே குடில் போட்டு, இரவு தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் கேட்பது, நிச்சயம் செய்வது, கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். அவ்வளவு தூரம் வருகிறவர்கள் ஒரே கரைக்குத்தான் வருகிறார்கள். வந்து தங்குகிறார்கள். கடலிடம் எப்படிப் போக வேண்டும் என்பதை அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். என் அட்டவணையை அவர்களில் ஒரு பாட்டியிடம் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்.

எனவே 1994 பிள்ளைகளே, திட்டத்தை மாற்றுங்கள். புதுப் பட்டியல் போடும் முன் உங்கள் அப்பா அம்மாவிடம் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அங்க போய் உனக்கு என்ன செய்யணும்?" அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். அநேகமாக ரொம்பச் சின்ன ஆசையாகத்தான் இருக்கும். அதைத் திட்டத்தின் முதல் வரியில் எழுதுவோம், கடைசி வரியில் வேண்டாம்.

ஐந்து மணி என்றால் ஐந்து மணி. தாமதமாக வருகிறவர்கள் வேனுக்கு வெளியே நிற்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்